முசிறியில் ஏற்றிய கறி

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரைப் பக்கம் ‘கறி எடுத்தாச்சா?’ என்று கேட்டால் அது ஆட்டுக்கறி. ஐயர் வீட்டு வாழைக்காய்க் கறி, எண்ணெயில் வதக்கிய காய். யாழ்ப்பாணத்தில் சோற்றோடு வரும் மீன், பருப்பு, கத்தரிக்காய் எல்லாமே கறிதான். காய்களுக்கு அங்கே மரக்கறி என்றே பெயர்.

சங்கப் பாடல்களில் இதே சொல் கப்பலேறுகிறது. யவனர்களின், அதாவது கிரேக்க, ரோமானிய வணிகர்களின் மரக்கலம், சேரநாட்டுத் துறைமுகமான முசிறிக்கு ‘பொன்னொடு வந்து கறியொடு பெயரும்’ என்கிறது அகநானூறு (149). அங்கே கறி என்றால் மிளகு. பட்டினப்பாலையில் அது மூட்டை மூட்டையாகக் கிடக்கும் ‘கருங்கறி’; நிறத்தையும் சொல்லிவிட்டதால் ஐயத்துக்கு இடமில்லை.

அப்படியானால் பழைய பொருள் மிளகு, புதிய பொருள் உணவு என்று முடித்துவிடலாமா? கபிலர் விடமாட்டார். குறுந்தொகையில் (288) ‘கறிவளர் அடுக்கம்’ என்று மிளகுக் கொடி படர்ந்த மலைச்சாரலைப் பாடுகிறார். அவரே புறநானூற்றில் (14) ‘ஊன்துவை கறிசோறு’ உண்பதையும் பாடுகிறார். ஒரே புலவர் வாயில் இரண்டு பொருளும் அக்கம்பக்கமாக வாழ்ந்திருக்கின்றன. இந்தச் சொல்லில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இரண்டையும் இணைப்பது எது? மிளகு சேர்த்த உணவுக்கு மிளகின் பெயரே வந்தது என்பது ஒரு விளக்கம். ஒன்றன் பெயர் அதோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகிவருவதைத்தான் நம் இலக்கணம் ஆகுபெயர் என்கிறது. ஆனால் ‘கறித்தல்’ என்று ஒரு வினையும் தமிழில் உண்டு. பல்லால் கடிப்பது, மெல்லுவது என்று பொருள். நம் சமையற்கட்டில் வினையிலிருந்து பிறந்த பெயர்கள் ஏராளம்: பொங்கல், துவையல், அவியல், வறுவல். பொரிந்தது பொரி ஆனதுபோல, கறிப்பது கறி ஆகியிருக்கலாம். ‘சோத்துக்குக் கடிச்சுக்க என்ன இருக்கு?’ என்று இன்றும் வீட்டில் கேட்கிறோமே, அந்தக் கடித்துக்கொள்ளும் பண்டம்தான் கறி. கடித்ததும் நாக்கில் உறைக்கும் மிளகும் கறி. இந்த வழியே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

உணவிலிருந்து அதற்குரிய பொருளுக்குத் தாவுவது எளிது. கறி சமைக்க வாங்கும் இறைச்சி கறியாயிற்று, காயோ காய்கறியாயிற்று. கறிக்கு மணமூட்டும் வேம்பு போன்ற இலை கறிவேப்பிலை.

போர்ச்சுகீசியர்கள் இந்தச் சொல்லை ‘கரீல்’ என்று எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலத்தில் அது ‘கரி’ ஆயிற்று. 1747-இல் லண்டனில் ஹன்னா கிளாஸ் வெளியிட்ட சமையல் நூலில் ‘இந்திய முறைக் கரி’க்கு ஒரு குறிப்பு இருக்கிறது. கோழி அல்லது முயல், வெங்காயம், கொஞ்சம் அரிசி, வறுத்த கொத்தமல்லி விதை. மிளகாய் கிடையாது. காரத்துக்கு அவர் எண்ணிப் போடச் சொல்வது 30 மிளகு.