எம்பெடட்: புதையா, பதியா, பொதியா?

2024 அக்டோபர்ல ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆயா கூப்பிட்டாங்க, தம்பி இந்த கரண்ட் பெட்டில ஏதோ நம்பர் அடிக்கணுமாம், எனக்குக் கண்ணு தெரியல, நீ வந்து அடிச்சுக் குடுன்னு. போய்ப் பாத்தா ரசீதுல வழக்கமா வர்ற 20 இலக்க நம்பர் போக இன்னும் ரெண்டு 20 இலக்க நம்பர் இருக்கு. தென்னாப்பிரிக்காவுல, எங்க டர்பன்ல அந்த சீசன் முழுக்க, எங்க சாட்ஸ்வொர்த் மட்டுமில்ல நாடு பூரா ப்ரீபெய்டு மீட்டர் வச்சிருந்த எல்லார் வீட்லயும் இதே கூத்துதான். அடிச்சு முடிச்சு பெட்டி ஏத்துக்கிட்டதும் ஆயா கேட்டாங்க, இதுக்குள்ள என்னப்பா இருக்குன்னு. கம்ப்யூட்டர் ஆயான்னேன். கம்ப்யூட்டர்னா ஸ்கிரீன் எங்கன்னாங்க.

எம்பெடட்ங்கற வார்த்தைக்கு விளக்கம் அந்தக் கேள்வியிலயே இருக்கு. கம்ப்யூட்டர் வேலையத்தான் செய்யும், ஆனா பாக்குறவங்களுக்கு அது மீட்டர், கேட் மோட்டார், வாஷிங் மெஷின், லிஃப்ட்டு. எனக்கு சோறு போடுறதே இந்த வேலைதான், அதனால சனிக்கிழமை தமிழ் வகுப்புல ஒரு பையன் "எம்பெடட்க்கு தமிழ் என்ன சார்"னு கேட்டப்ப டக்குனு சொல்ல முடியாம முழிச்சது கொஞ்சம் அவமானமாத்தான் இருந்துச்சு.

மொதல்ல இங்கிலீஷ்ல இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாப்போம். நடுவுல இருக்குற "பெட்", நம்ம படுக்கைதான். அவங்க ஆத்தோட அடிமண்ணுக்கும் பெட்னு சொல்லுவாங்க, நாமளும் படுக்கை, ஆத்துப்படுகைன்னு ஒரே "படு"லேர்ந்து ரெண்டையும் எடுத்துக்கிட்டோம், சம்பந்தமே இல்லாத ரெண்டு மொழி ஒரே மாதிரி யோசிச்சிருக்கு. எம்பெட்னா படுகைக்குள்ள கிடத்துறது. 18ஆம் நூற்றாண்டுக் கடைசில மண்ணியல்காரங்கதான் இத மொதல்ல புழங்குனாங்க, பாறைக்குள்ள மாட்டிக்கிட்ட எலும்பு, சிப்பி இதுக்கெல்லாம். அந்த அர்த்தத்த நேர்ல பாக்கணும்னா இந்த நாட்ட விட நல்ல எடம் கிடையாது. ஜொஹானஸ்பர்க் பக்கம் ஸ்டெர்க்ஃபொன்டைன் குகைல லிட்டில் ஃபுட்னு மனுஷனுக்கு முந்தின இனத்தோட ஒரு எலும்புக்கூடு, அதோட கால் எலும்ப மட்டும் ஆராய்ச்சியாளர் ரான் கிளார்க் 1994ல, அந்தக் குகைலேர்ந்து முன்னாடியே எடுத்து வச்சிருந்த எலும்புப் பெட்டிக்குள்ளேர்ந்து கண்டுபிடிச்சாரு, மிச்ச உடம்பு 1997ல குகைக்குள்ள தட்டுப்பட்டுச்சு, கான்கிரீட் மாதிரி இறுகுன பாறைலேர்ந்து அத உடைக்காம எடுத்து சுத்தம் பண்ணி ஜனங்களுக்குக் காட்ட 2017 டிசம்பர் ஆயிருச்சு. எம்பெடட்னா அவ்வளவு இறுக்கம்.

கம்ப்யூட்டருக்கு இந்த வார்த்தை ஒட்டிக்கிட்டது அப்புறம். 1970கள்ல அமெரிக்க ராணுவம் விமானம், ஏவுகணைக்குள்ள இருக்குற கம்ப்யூட்டர்களுக்கு எம்பெடட்ங்கற பேர நிறைய புழங்குச்சு, அதுக்குன்னே அடான்னு ஒரு புரோகிராமிங் மொழியவே செய்ய வச்சாங்க. ஆனா பொருள் அதுக்கு முன்னாடியே உண்டு, நிலாவுக்குப் போன அப்பல்லோ கம்ப்யூட்டர்ல புரோகிராம காந்த வளையங்களுக்கு உள்ளயும் வெளியயுமா கம்பி கோத்து கையால பின்னி வச்சாங்க, ஒரு தப்பு இருந்தா பிரிச்சுப் பின்னணும்.

இப்ப தமிழுக்கு வருவோம். காதுக்கு ஒண்ணு போல கேக்குற மூணு வேர் வரிசைல நிக்குது.

புதை. மண்ணியலுக்கு இதுதான் சரி, ஃபாசிலுக்கு புதைபடிவம்னு அழகா வச்சிருக்கோம். ஆனா புதைகணினின்னு சொன்னா சுடுகாடு ஞாபகம்தான் வருது. தள்ளிருவோம்.

பதி. பதிகணினின்னு எழுதுறவங்க இருக்காங்க. மோதிரத்துல கல்லு பதிக்கிறது, மண்ணுல கால் பதியுறது, புத்தகப் பதிப்பு, ரோஜாவுக்கு பதியம் போடுறதுன்னு பெரிய குடும்பம் இது. இதுல ஒரு சிக்கல் இருக்கு. பதிச்சது வெளிய தெரியும், தெரியணும்னுதான் பதிக்கிறோம், கம்மல்ல கல்லு தெரியாட்டி யாரு காசு குடுப்பா? ஆயா வீட்டு மீட்டர்ல கம்ப்யூட்டர் எங்க தெரியுது? ஆனா சிப்புக்குள்ள புரோகிராம ஏத்துற வேலைக்கு பதிக்கிறதுன்னு சொல்லலாம், அது அச்சுப் பதிக்கிற மாதிரிதான், அப்பல்லோ கம்பிப்பின்னல் அசல் பதிப்பு.

பொதி. என் ஓட்டு இதுக்குத்தான். பொதிமாடு, பஞ்சுப்பொதி, வாழை இலைல மடிச்சு கட்டுன பொதிசோறு. திருப்பைஞ்ஞீலில அப்பருக்கு சிவன் பொதிசோறு குடுத்த கதை இங்க கோயில்ல பெரியவங்க சொல்லிக் கேட்டிருக்கேன். பொதின்னாலே உள்ள என்ன இருக்குன்னு வெளிய தெரியாது, மேல இருக்குற கட்டுதான் தெரியும். எம்பெடடும் அப்படித்தானே. நடைமுறைல உட்பொதிந்த அமைப்புன்னு எழுதுறாங்க, பரவால்ல, ஆனா பொதிக்கே உள்ளங்கற அர்த்தம் இருக்குறப்ப அந்த "உட்" எதுக்குன்னு புரியல, உள்ளே உள்ளிருக்கிறன்னு சொல்ற மாதிரி. பொதிகணினி போதும், சின்னதா இருக்கு, பையங்க வாய்லயும் நுழையுது.

பொதிசோற நான் புடிச்சுக்கிட்டதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. கட்டிக் குடுத்த சோறும் சொல்லிக் குடுத்த வார்த்தையும் எத்தன நாளைக்குன்னு சொல்லுவாங்கல்ல, பொதிகணினிக்கு அச்சு அசலா அது பொருந்தும். ஃபேக்டரில கட்டிக் குடுத்த சோறு சொவத்துல 15, 20 வருஷம் தொங்கும். நாப்பது இலக்கக் கூத்துக்குக் காரணமே அதான். இந்த மீட்டர்களோட விதிமுறை இங்க தென்னாப்பிரிக்காவுல பொறந்து அப்புறம் உலகத் தரமா ஆனது. காசு கட்டுனா ரசீதுல வர்ற 20 இலக்க நம்பருக்கு டோக்கன்னு பேரு. ஒரு டோக்கன ரெண்டு தடவ அடிச்சு ஏமாத்தக் கூடாதுன்னு ஒவ்வொரு டோக்கனுக்குள்ளயும் 1993 ஜனவரி 1லேர்ந்து எத்தனாவது நிமிஷம்னு ஒரு எண்ணு வச்சாங்க, அதுக்கு 24 பிட் எடம் விட்டாங்க, அதாவது 1,67,77,216 நிமிஷம், கிட்டத்தட்ட 32 வருஷம். அது தீந்த நாள் 2024 நவம்பர் 24. எண்ணு மறுபடி சைபர்லேர்ந்து ஆரம்பிச்சா புது டோக்கன மீட்டர் பழசுன்னு நெனச்சு துப்பிரும். அதனால அந்த ரெண்டு நம்பர அடிச்சா டோக்கன சரிபாக்குற ரகசியச் சாவி மாறும், பழைய கணக்கு அழியும், தொடக்க வருஷம் 2014ன்னு ஆகும். இன்டர்நெட் இல்லாத பெட்டிக்கு ஆயாவோட விரல் வழியா (சரி, என் விரல்) அப்டேட் பண்ணிருக்காங்க, உண்மையிலேயே கெட்டிக்காரத்தனம்தான். அடுத்த கெடு 2045ல.

உள்ள என்ன சோறு கட்டுறதுங்கறதுதான் ஓஎஸ் தேர்வு. ஓஎஸ்க்கு இயங்குதளம்னு தமிழ்ல நல்லாவே ஊறிப்போச்சு, அதுல எனக்கு சண்டை இல்ல. கேட் மோட்டார் மாதிரி சின்ன சாமானுக்கு தளமே வேண்டாம், ஒரே புரோகிராம் சுத்திக்கிட்டே இருந்தா போதும். ஒரே நேரத்துல நாலஞ்சு வேலை பாக்கணும், ஆனா மெமரி சில பத்து கிலோபைட்தான்னா ஃப்ரீஆர்டிஓஎஸ், செஃபிர் மாதிரி ஒரு குட்டி இயங்குதளம். இதுங்கள ரியல்டைம்னு சொல்லுவாங்க, தமிழ்ல நிகழ்நேரம்னு போடுறாங்க, அது நேரடி ஒளிபரப்பு மாதிரி கேக்குது எனக்கு. ரியல்டைம்னா வேகம்னு அர்த்தமே கிடையாது, சொன்ன கெடுவுக்குள்ள கண்டிப்பா முடிக்கிறது, அதனால கெடு தவறாத தளம்னு சொல்லிட்டுப் போலாம். கேமரா, நெட்வொர்க், மெகாபைட் கணக்குல மெமரின்னு வந்தா லினக்ஸ்தான், யோக்டோ இல்லாட்டி பில்ட்ரூட்ங்கற கருவிய வச்சு வேண்டியத மட்டும் சேத்துக் கட்டிக்கலாம். உபுண்டுங்கற லினக்ஸ் வகையிலயும் இதுக்குன்னு உபுண்டு கோர்னு ஒண்ணு இருக்கு. அந்தப் பேரு இங்க நம்ம பக்கத்து வீட்டு ஜூலுக்காரங்க வார்த்தை, உபுண்டுவ ஆரம்பிச்ச மார்க் ஷட்டில்வொர்த்தும் இந்த நாட்டு வெல்கம்ங்கற ஊர்ல பொறந்தவரு.

லினக்ஸ் வச்சா கேக்க வேண்டிய மொத கேள்வி எத்தன வருஷம் ஊசிப்போகாம இருக்கும்ங்கறதுதான். லினக்ஸோட மையப் பகுதிக்கு கர்னல்னு பேரு. நீண்டகால கர்னலுக்கு 6 வருஷம் வரைக்கும் திருத்தம் குடுத்துட்டு வந்தவங்க 2023ல 2 வருஷமா கொறைக்கப் போறோம்னுட்டாங்க, சொவத்துல 15 வருஷம் தொங்கப்போற பெட்டிக்கு 2 வருஷச் சோறு! சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம்னு ஒரு கூட்டமைப்பு சில கர்னல்கள 10 வருஷம் தாங்குறோம்னு எடுத்துக்கிட்டிருக்கு, கரண்ட், ரயில் சமாச்சாரத்துக்கு அந்தப் பக்கம் போறது நல்லது. ஊசிப்போன சோறு என்ன பண்ணும்னு பாக்க 2016ல வந்த மிராய்ங்கற வைரஸ் ஞாபகம் இருந்தா போதும், கடைல வாங்குனப்ப இருந்த பாஸ்வேர்டோடயே கெடந்த கேமராங்களையும் ரௌட்டருங்களையும் ஒண்ணு சேத்து பெரிய பெரிய வெப்சைட்டுங்களையே படுக்க வச்சுது.

அப்டேட் குடுக்குறதுலயும் இந்த ஊருக்குன்னு ஒரு தொல்லை இருக்கு. 2023 லோட்ஷெடிங் சமயத்துல ஒரு சாமானுக்கு அப்டேட் அனுப்பினோம், பாதில கரண்ட் போச்சு, கரண்ட் திரும்புச்சு, சாமான் திரும்பல. அத ப்ரிக்ங்கறாங்க, செங்கல்லு. அன்னைலேர்ந்து ரெண்டு பொதி வைக்காம எதையும் அனுப்புறதில்ல, ஒண்ணுல பழசு ஓடிக்கிட்டே இருக்கும், இன்னொண்ணுல புதுச இறக்கி முழுசா சரி பாத்த பிறகுதான் மாறணும், புதுசு எந்திரிக்கலன்னா தானா பழசுக்கே திரும்பணும். மெமரி ரெண்டு மடங்கு வேணும், செலவுதான், ஆனா ஒவ்வொரு வீடா வண்டி எடுத்துக்கிட்டு போறத விட மலிவு.

அடுத்த சனிக்கிழமை வகுப்புல பொதிகணினின்னு போர்டுல எழுதினேன். அந்தப் பையன் விடல, அப்ப செல்போனும் பொதிகணினியா சார்ங்கறான். கிடையாது, நமக்கு வேணுங்கறத நாமளே ஏத்தி எறக்க முடியுற வரைக்கும் அது சாதாக் கணினிதான், ஒரே வேலைக்குன்னு கட்டி மூடினாத்தான் பொதின்னேன். கார்? ஒண்ணு இல்ல, உள்ள பத்து பொதிக்கு மேல இருக்கும். டீவி? பழசுன்னா ஆமா. ஸ்மார்ட் டீவி சார்? அது ரெண்டுங்கெட்டான்டா, ஒக்காரு.