‘அறம் செய விரும்பு’க்கு அடுத்த பக்கம் எது?

இணையத்தில் ஒரு பாடத்தைப் படித்து முடித்ததும் அடியில் ‘முந்தையது’, ‘அடுத்தது’ என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். மொரிஷியஸில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இவை ரொம்ப முக்கியம். பல வீடுகளில் பேச்சு கிரியோலில்தான். தமிழ் பள்ளியில் ஒரு பாடமாகவோ கோவில் மாலை வகுப்பிலோதான் கிடைக்கிறது. கைபேசியில் ஆத்திசூடி படிக்கும் குழந்தை பட்டியலுக்குத் திரும்பிப் போய்த் தேடாது. ‘அடுத்தது’ எங்கே கூட்டிப் போகிறதோ அங்கே போகும்.

அந்தப் பொத்தானுக்குள் பெரும்பாலும் வழி எதுவும் எழுதி வைக்கப்பட்டிருக்காது. தளம் தன் தரவுத்தளத்தைக் கேட்டுத்தான் பதிலைப் போடுகிறது. இணையதளங்களை நடத்தப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் வழக்கமாகத் தேதியை வைத்துக் கேட்கும்: இதற்குப் பிறகு வெளியானவற்றில் முதலில் வந்தது எது? செய்திகளுக்கு இது சரி. ஆனால் நாலு ஆசிரியர்கள் ஆளுக்குச் சில வரிகளாகப் பிரித்துக்கொண்டு, நேரம் கிடைத்தபோது ஏற்றிய பாடங்களுக்கு ஒத்து வராது. ‘அறம் செய விரும்பு’க்குப் பின் ‘நன்றி மறவேல்’ வந்து நிற்கும்.

ஆத்திசூடிதான் அகரவரிசை ஆயிற்றே, தலைப்பை வைத்து அடுக்கினால் போதாதா? போதாது. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தந்திருக்கிறது. அந்த எண் வரிசையில் ஆய்த எழுத்து அகரத்துக்கும் முன்னால் நிற்கிறது. ‘ன’ நகரத்தை ஒட்டியே வருகிறது. அதன்படி அடுக்கினால் 13-ஆம் வரியான ‘அஃகம் சுருக்கேல்’ முதலில் வரும். அப்புறம் 31-ஆவதான ‘அனந்தல் ஆடேல்’, 25-ஆவதான ‘அரவம் ஆட்டேல்’, 30-ஆவதான ‘அறனை மறவேல்’. ‘அறம் செய விரும்பு’ ஐந்தாம் இடத்துக்குப் போய்விடும்.

அகராதி முறைப்படி அடுக்கினாலும் தீராது. டகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதால் ஔவையார் அந்த இடத்தில் ‘இடம்பட வீடெடேல்’ என்றார்; ளகரத்துக்கு ‘இளமையில் கல்’. அவர் எண்ணிய எழுத்து சொல்லின் நடுவில் இருக்கிறது. அது எந்தக் கணினிக்கும் தானாகத் தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். வரிசைக்கு எவ்வளவு மதிப்பு என்று இந்தத் தீவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1998-இல் மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழுக்கு மேலே இந்தி வந்ததும் எதிர்ப்பு எழுந்தது. அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. தமிழ் பழைய இடத்துக்கு வந்தது.

ஆக, ஒவ்வொரு பாடத்துடனும் ஒரு வரிசை எண் சேமிக்க வேண்டும். வேர்ட்பிரஸில் அதற்கென்றே ஓர் இடம் உண்டு. ஆனால் நாம் நிரப்பாதவரை எல்லாவற்றிலும் சுழியம்தான் இருக்கும். ‘சுழியத்தைவிடப் பெரியது எது’ என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது, பொத்தானே மறைந்துவிடும். எண்ணைத் தனிப் புலத்தில் எழுத்தாகச் சேமித்தால் வேறு வம்பு: 1-க்குப் பிறகு 10 வரும், 2 வராது. ‘அறம் செய விரும்பு’ படித்த பிள்ளை ‘ஒப்புரவு ஒழுகு’க்குப் போய்விடும். எண்ணாகவே ஒப்பிடச் சொல்ல வேண்டும்.

இப்போது தரவுத்தளத்திடம் கேட்க வேண்டிய கேள்வி. 7-ஆம் பாடத்தில், ‘எண் எழுத்து இகழேல்’ பக்கத்தில் இருக்கிறோம். அடுத்தது வேண்டுமென்றால், 7-ஐவிடப் பெரிய எண்களை ஏறுவரிசையில் அடுக்கி முதலாவதை எடுக்க வேண்டும், 8 கிடைக்கும். முந்தையதற்கு 7-ஐவிடச் சிறியவை. இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். ஒப்பீட்டை மாற்றிவிட்டு வரிசையை ஏறுமுகமாகவே விட்டால் முதலில் நிற்பது 1. எந்தப் பாடத்திலிருந்து ‘முந்தையது’ தொட்டாலும் முதல் பக்கத்துக்கே போகும். 2-ஆம் பாடத்தில் மட்டும் சோதித்தால் பிழை தெரியவும் தெரியாது. வரிசையையும் இறங்குமுகமாகத் திருப்பினால்தான் 6 கிடைக்கும்.

இரண்டு பாடங்களுக்கு ஒரே எண் விழுந்தால், ‘பெரியது’ என்ற கேள்வி இரட்டையில் ஒன்றைத் தாண்டிக் குதிக்கும். எண் சமமானால், ஒவ்வொரு பக்கத்துக்கும் தளம் தானாகத் தரும் அடையாள எண்ணைப் பார் என்று இரண்டாவது விதி வைக்க வேண்டும். வெளியிடாத வரைவுகளையும் கேள்வியிலேயே விலக்கிவிட வேண்டும்.

எண்களை 10, 20, 30 என்று இடைவெளி விட்டுத் தருவதுதான் நல்லது. உயிர் வருக்கம் முடிந்ததும் ஒரு பயிற்சிப் பக்கம் சேர்க்கத் தோன்றினால், 130-க்கும் 140-க்கும் நடுவில் 135 என்று போட்டுவிடலாம். மற்றதைத் தொட வேண்டாம். ஆனால் பக்கங்களைத் தயார் நிலையில் சேமித்து வைத்துக் காட்டும் தளமாக இருந்தால், புதுப் பக்கத்தோடு அதன் இரண்டு அண்டைப் பக்கங்களையும் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் ‘அஃகம் சுருக்கேல்’ பக்கத்தின் பொத்தான் பயிற்சியைத் தாண்டி இன்னமும் ‘கண்டொன்று சொல்லேல்’ பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.