பங்குனி ஆமைகள் எதனால் சாகின்றன?

சென்னைக் கடற்கரையில் ஓர் ஆமை செத்து ஒதுங்கினால், "பிளாஸ்டிக்கைத் தின்னுட்டு செத்திருக்கும், பாவம்" என்றுதான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். பள்ளிகளுக்குப் பேசப் போனாலும் பிள்ளைகள் முதலில் கேட்பது ஸ்ட்ராவைப் பற்றித்தான். கடல் உயிரியல் ஆய்வில் இருக்கும் எனக்கு, ஒதுங்கும் ஆமைகளை அறுத்துப் பார்ப்பதும் வேலையின் ஒரு பகுதி. அங்கே தெரிவது வேறு.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கடற்கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆலிவ் ரிட்லி என்று செய்திகளில் வருவது இவற்றைத்தான். பல ஆமைகளுக்குக் கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தது. நீரில் மூச்சுமுட்டிச் செத்ததற்கான அடையாளங்கள் அவை.

கடலிலேயே வாழும் பிராணி நீரில் மூழ்கிச் சாகுமா என்று கேட்பார்கள். சாகும். ஆமைக்குச் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான். சும்மா கிடந்தால் மணிக்கணக்கில் நீருக்கடியில் தாக்குப்பிடிக்கும். வலைக்குள் சிக்கி அடித்துக்கொள்ளும்போது பிராணவாயு மளமளவெனத் தீர்ந்துவிடுகிறது. நண்டும் இறாலும் தேடி அது மேயும் தரையைத்தான் விசைப்படகு இழுத்துப் போகும் பை போன்ற பெரிய வலையான இழுவை மடியும் வாரிக்கொண்டு போகிறது. மடியை மேலே தூக்குவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அழுகிய உடல் எதையும் சொல்லாது. புதிதாக ஒதுங்கியது கிடைத்தால்தான் உண்டு. மூச்சுக்குழலில் நுரை நிற்கும். நுரையீரல் கருஞ்சிவப்பாகக் கனத்திருக்கும். பெண் ஆமையென்றால் உள்ளே பிங்பாங் பந்துகளைப் போல வெள்ளை வெளேரென்று முட்டைகள், சிலவற்றில் நூற்றுக்கும் மேல்.

அப்படியானால் பிளாஸ்டிக் நிரபராதியா? இல்லவே இல்லை. ஆமையின் தொண்டைக்குள் விரலை விட்டால் வயிற்றைப் பார்த்துச் சாய்ந்த கூரான முட்கள் குத்தும். வழுக்கும் இரை வெளியே நழுவாமல் இருக்க அமைந்த ஏற்பாடு அது. கேரி பேக் துண்டு ஒன்று உள்ளே போனால் அதுவும் திரும்பி வராது. உடலில் 14 துண்டுகள் சேர்ந்தால் ஆமை சாவதற்குச் சரிபாதி வாய்ப்பு என்று 2018-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு கணக்கிட்டது. கடலில் ஊறிப் பாசி படிந்த பிளாஸ்டிக் இரையைப் போலவே மணக்கிறது என்பதும் இப்போது தெரியும். இதில் அதிகம் மாட்டுவது நடுக்கடலில் மிதந்து வளரும் குட்டிகள். அவை நம் கரைக்கு வந்து சாவதில்லை, அதனால் நம் கணக்கிலும் வருவதில்லை.

கரையோரத்தில் நான் அதிகம் அஞ்சும் பிளாஸ்டிக் ஸ்ட்ரா அல்ல, வலை. பருத்தி நூலில் வலை பின்னிய காலத்தில் அறுந்த துண்டு கடலிலேயே மக்கிப்போகும். நைலான் வலையும், ஒற்றை இழைப் பிளாஸ்டிக்கில் பின்னும் தங்கூசி வலையும் அப்படியல்ல. கடலடிப் பாறையில் மாட்டி அறுபட்டோ, விசைப்படகு ஏறிக் கிழிந்தோ போன வலை, ஆளே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் மீன்பிடித்துக்கொண்டிருக்கும். பேய்வலை என்பது இதைத்தான். மாலத்தீவில் பங்குனி ஆமைகள் முட்டையிடுவது அபூர்வம். ஆனால் அங்கே மிதந்துவரும் பேய்வலைகளில் சிக்குபவை பெரும்பாலும் இவைதான். வலையைத் தொலைத்த மீனவருக்கும் அது நஷ்டம்தான். அவரைத் திட்டுவதால் பயனில்லை. பழைய வலையைத் துறைமுகத்திலேயே விலைக்கு வாங்கிக்கொள்ள ஆள் இருந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

சட்டம் இல்லாமலில்லை. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மடி இழுக்கக் கூடாது. கிழக்குக் கடற்கரையில் 61 நாள் தடைக்காலமும் உண்டு, ஆனால் அது ஏப்ரல் 15-இல் தொடங்குகிறது. மீன்களின் இனப்பெருக்கத்துக்காகப் போட்ட தடை அது. ஆமைகள் முட்டையிடக் கூட்டமாகக் கரையோரம் நிற்பதோ ஜனவரியிலிருந்து மார்ச் வரை. அந்த மாதங்களில் 5 மைல் விதியைக் கறாராகக் காவல் காத்தாலே சாவு வெகுவாகக் குறையும் என்பது என் கருத்து. ஆமை விலக்கிக் கருவி என்று ஒரு கம்பிச் சட்டம் இருக்கிறது. மடிக்குள் பொருத்தினால் இறால் கம்பிகளுக்கிடையே உள்ளே போய்விடும், ஆமை சட்டத்தில் முட்டி மேல்வாசல் வழியே வெளியேறிவிடும். கூடவே மீனும் போய்விடும் என்று படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனால் இந்தக் கருவி இல்லையென்ற காரணத்தால்தான் 2019-லிருந்து நம் கடல் இறாலை அமெரிக்கா வாங்குவதில்லை. அந்த நஷ்டத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

படகில் போகிறவர்களுக்கு ஒன்று. மடியில் வந்த ஆமை அசைவில்லாமல் கிடந்தால், செத்துவிட்டதென்று உடனே கடலில் தள்ளிவிடாதீர்கள். மயக்கத்தில் இருக்கும் ஆமையை நீரில் போட்டால் மூழ்கித்தான் சாகும். நிழலில் வயிறு கீழே இருக்கும்படி கிடத்தி, பின்பக்கத்தை அரை அடி உயர்த்தி வையுங்கள், நுரையீரலில் புகுந்த தண்ணீர் வடியும். மேலே ஈரச்சாக்கு போடுங்கள், மூக்கை மட்டும் மூடாதீர்கள். அவ்வப்போது கண்ணோரத்தையோ வாலையோ மெல்லத் தொட்டுப் பாருங்கள். தெளிய 24 மணி நேரம்கூட ஆகலாம். தெளிந்ததும் வலை தண்ணீரில் இல்லாதபோது, எஞ்சினை நியூட்ரலில் போட்டு, தலை முன்னே போகும்படி படகின் பின்பக்கமாக மெதுவாக இறக்கிவிடுங்கள்.