பேப்பரை வாங்குங்கள், டெவலப்பரை நீங்களே கலக்குங்கள்

பழைய ஸ்டூடியோக்கள் மூடப்படும்போது பரணில் கிடந்த போட்டோ பேப்பர் பெட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. சீல் உடையாத பெட்டி, ஊட்டி எச்.பி.எஃப். (இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ்) தொழிற்சாலையின் ‘இந்து’ முத்திரை, கேட்கிற விலையும் மலிவு. என்னிடம் இருட்டறையில் கறுப்பு வெள்ளைப் படம் அச்சிடக் கற்க வருகிற இளைஞர்களில் பலர் அப்படி ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். தயவுசெய்து அதை வாங்காதீர்கள். 1960-இல் மத்திய அரசு தொடங்கிய அந்த நிறுவனத்தின் பேப்பரில் இந்நாட்டின் எத்தனையோ கல்யாணப் படங்கள் இன்றும் சுவரில் தொங்குகின்றன. அந்த மதிப்பு வேறு. பரண் சூட்டில் பல கோடைகளைக் கடந்த பேப்பரில் உள்ள வெள்ளி உப்பு, வெளிச்சமே படாமல், வெளிச்சம் பட்டதுபோலத் தானாக மாறத் தொடங்கியிருக்கும். படத்தை வெளிக்கொண்டுவரும் கரைசலான டெவலப்பரில் போட்டால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பல் பூத்துவிடும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் ஒரு சோதனை செய்து பாருங்கள். சிவப்பு விளக்கில் ஒரு தாளிலிருந்து இரண்டு துண்டுகள் வெட்டுங்கள். ஒன்றை நேராக, படத்தை நிலைக்கச் செய்யும் கரைசலான ஃபிக்சரில் போடுங்கள். மற்றொன்றை டெவலப்பரில் இரண்டு நிமிடம் வைத்து, பிறகு ஃபிக்சருக்கு மாற்றுங்கள். கழுவிய பின் பகல் வெளிச்சத்தில் இரண்டையும் அருகருகே வைத்தால் உண்மை தெரிந்துவிடும். வேறுபாடு லேசாக இருந்தால், டெவலப்பரில், சாம்பல் பூப்பதைக் குறைக்கும் பென்சோட்ரையசோல் கரைசல் சிறிதளவு சேர்த்துச் சமாளிக்கலாம். நன்றாகவே சாம்பலாகியிருந்தால் காசைத் தேற்ற நினைத்து நேரத்தையும் இழக்க வேண்டாம்.

புதிய பேப்பர் இன்றும் தயாராகிறது. கோடாக் 2005-இல் கறுப்பு வெள்ளைப் பேப்பரை நிறுத்தியது. ஹங்கேரியின் ஃபோர்ட்டே அடுத்த சில ஆண்டுகளில் மூடப்பட்டது. இன்று நாம் பெரிதும் நம்பியிருப்பது இரண்டு ஆலைகளை. ஒன்று, இங்கிலாந்தின் மோபர்லியில் இல்ஃபோர்ட், கென்ட்மியர் பேப்பர்களைத் தயாரிக்கும் ஹார்மன். மற்றொன்று, செக் நாட்டின் ஹ்ராடெட்ஸ் க்ராலோவே நகரில் உள்ள ஃபோமா. இந்தியாவுக்கு இவை இறக்குமதியாகத்தான் வருகின்றன. மும்பை, டெல்லியில் உள்ள சில விற்பனையாளர்களிடமும் ஆன்லைன் கடைகளிலும் கிடைக்கும். ஆனால், இன்று இருப்பது அடுத்த மாதம் இருக்கும் என்று சொல்ல முடியாது. பணம் அனுப்புமுன் தொலைபேசியில் கூப்பிட்டு, சரக்கு கையில் இருக்கிறதா, எப்போது வந்தது, குளிர்ந்த இடத்தில் வைத்திருந்தார்களா என்று கேளுங்கள். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து வாங்கினால் அனுப்பும் செலவு குறையும். சித்திரை வெயிலில் பார்சல் கிடங்கில் கிடக்கும்படி ஆர்டர் செய்யாதீர்கள்.

எந்தப் பேப்பர்? தொடங்குகிறவருக்கு ஆர்.சி. எனப்படும் பிளாஸ்டிக் பூச்சுள்ள, கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டிக் குறைக்க முடிகிற மல்டிகிரேட் பேப்பரையே சொல்வேன். அதை ஓடும் நீரில் சில நிமிடம் கழுவினால் போதும். அந்தப் பூச்சு இல்லாத ஃபைபர் பேப்பரின் அழகே தனி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் அடித்தாள் ஃபிக்சரை உறிஞ்சிக்கொள்வதால் நீண்ட நேரம் கழுவ வேண்டும். லாரித் தண்ணீர் வாங்குகிற வீட்டில் அதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். லிட்டருக்கு 20 கிராம் சோடியம் சல்பைட் கரைத்த நீரில், கழுவுவதற்கு இடையில் பத்து நிமிடம் வைத்தால் கழுவும் நேரம் கணிசமாகக் குறையும்.

பேப்பருக்கு வெளிநாட்டை நம்பித்தான் ஆக வேண்டும். டெவலப்பருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பாக்கெட் டெவலப்பர் கிடைக்கவில்லை என்று இருட்டறையைப் பூட்டி வைத்திருப்பவர்களிடம் நான் சொல்வது இதைத்தான். டி-72 என்ற பழைய டெவலப்பர் சூத்திரம் எல்லோருக்கும் பொதுவானது. 50 டிகிரி சூடுள்ள 750 மில்லி நீரில் மெட்டால் 3 கிராம், நீரற்ற சோடியம் சல்பைட் 45 கிராம், ஹைட்ரோகுயினோன் 12 கிராம், நீரற்ற சோடியம் கார்பனேட் 68 கிராம், பொட்டாசியம் புரோமைடு 2 கிராம் என இதே வரிசையில், ஒன்று கரைந்த பின் அடுத்ததாகப் போட்டு, ஒரு லிட்டராக நிரப்புங்கள். பயன்படுத்தும்போது ஒரு பங்குக்கு இரண்டு பங்கு நீர். வரிசை முக்கியம். சல்பைட் மிகுந்த நீரில் மெட்டால் எளிதில் கரையாது. ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்த்து ஆர்.ஓ. நீரையோ காய்ச்சி வடித்த நீரையோ எடுங்கள்.

பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்கு ரசாயனம் விற்கும் கடைகளில் இவை கிடைக்கும். கடையில் கேட்கும்போதுதான் ஆபத்து இருக்கிறது. சல்பைட், சல்பேட், சல்பைடு மூன்றும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே கேட்கும். சோடியம் சல்பேட்டைப் போட்டுவிட்டால் டெவலப்பர் சரியாக வேலை செய்யாது, அத்தோடு போயிற்று. சோடியம் சல்பைடு அப்படி அல்ல. அமிலம் பட்டால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு வெளிவரும். டெவலப்பரின் வேலையை நிறுத்தப் பேப்பரை முக்குகிற நம் ஸ்டாப் பாத்தே அமிலம்தான். படத்துக்குப் பழுப்பு நிறம் ஏற்றும் செபியா டோனிங்குக்கு சல்பைடு பயன்படுவதால் பழைய ஸ்டூடியோ அலமாரியிலும் அது இருக்கக்கூடும். வாயால் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். லேபிளில் அச்சிட்டிருக்கும் சி.ஏ.எஸ். எண்ணை, அதாவது ஒவ்வொரு ரசாயனத்துக்கும் உரிய அடையாள எண்ணைப் பாருங்கள். நமக்கு வேண்டிய சல்பைட்டுக்கு 7757-83-7. சல்பேட்டுக்கு 7757-82-6. சல்பைடுக்கு 1313-82-2. லேபிள் இல்லாமல் சில்லறையாகக் கட்டித் தருகிற பொடி எதையும் இருட்டறைக்குள் கொண்டுவர வேண்டாம்.

கார்பனேட்டிலும் ஒரு குழப்பம் உண்டு. சமையலறையில் உள்ள ஆப்பசோடா பைகார்பனேட், அது உதவாது. சலவை சோடாப் படிகத்தில் பாதிக்கு மேல் நீரே இருப்பதால் 68 கிராம் என்ற அளவும் பொருந்தாது. ஃபிக்சருக்கான ஹைப்போ, அதாவது சோடியம் தையோசல்பேட், எளிதில் கிடைப்பது. நீரில் உள்ள குளோரினை நீக்க மீன் வளர்ப்பவர்களும் அதை வாங்குகிறார்கள். லிட்டருக்கு 250 கிராம் படிகம் போதும். கரையும்போது நீர் சில்லிட்டுப் போகும் என்பதால் வெதுவெதுப்பான நீரில் தொடங்குங்கள்.

மெட்டால் சிலருக்குத் தோலில் கடும் ஒவ்வாமையைத் தரும். ஆண்டுக்கணக்கில் வெறுங்கையால் ட்ரேயில் வேலை செய்துவிட்டு, ஒருநாள் விரலெல்லாம் வெடித்துப்போய் இத்தொழிலையே விட்ட மூத்தவர்களை எனக்குத் தெரியும். நைட்ரைல் கையுறையும் இடுக்கியும் இல்லாமல் என் இருட்டறையில் யாரையும் நான் அனுமதிப்பதில்லை. பொடியை நிறுக்கும்போது முகக்கவசமும் வேண்டும். கலந்த கரைசலைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். டெவலப்பர் பார்வைக்கு வெறும் தண்ணீர், நாளானால் தேநீர் நிறம். குழந்தை எடுத்துக் குடிப்பதற்கு வேறென்ன வேண்டும்? தனி பாட்டில், பெரிய எழுத்தில் பெயர், கலந்த தேதி, பூட்டிய அலமாரி.

பயன்படுத்திய ஃபிக்சரைச் சாக்கடையிலோ கிணற்றடியிலோ கொட்டாதீர்கள். பேப்பரிலிருந்து கரைந்த வெள்ளி அதில்தான் இருக்கிறது. அது நீர்வாழ் உயிர்களைக் கொல்லும். தனி கேனில் சேர்த்து வையுங்கள். ஃபிலிம் கழுவுகிற எக்ஸ்ரே நிலையம் உங்கள் ஊரில் இன்னும் இருந்தால் அங்கே விசாரியுங்கள். பழைய ஃபிக்சரிலிருந்து வெள்ளி பிரிப்பவர்கள் அவர்களிடம் வந்து வாங்கிப் போவது வழக்கம். உங்கள் கேனையும் அவர்கள் எடுத்துக்கொள்வார்களா என்று முதல் பேப்பர் பெட்டியை வாங்கும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.