ரீனல் இன்வால்வ்மென்ட்: தமிழில் என்ன சொல்வது?

கலப்பு இணைப்புத் திசு நோய் உள்ளவர்களின் மருத்துவக் குறிப்பில் 'ரீனல் இன்வால்வ்மென்ட்' என்ற தொடர் சில சமயம் தென்படும். அகராதியைப் புரட்டினால் 'இன்வால்வ்மென்ட்' என்பதற்கு 'ஈடுபாடு' என்று இருக்கும். சிறுநீரகத்துக்கு எதில் ஈடுபாடு, கர்நாடக இசையிலா? உடலில் பல இடங்களைத் தாக்கக்கூடிய ஒரு நோய் சிறுநீரகத்தையும் விட்டுவைக்கவில்லை என்பதுதான் இங்கே பொருள்.

'ரீனல்' சிறுநீரகத்தைக் குறிக்கும் 'ரேனெஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'இன்வால்வரே' என்றால் உள்ளே சுருட்டுவது, சுற்றிப் பொதிவது. நோய் ஓர் உறுப்பையும் தன் சுருளுக்குள் இழுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்ளலாம்.

கலப்பு இணைப்புத் திசு நோயை 1972இல் தனியாக அடையாளம் காட்டியவர்கள் அமெரிக்க மருத்துவர் கார்டன் ஷார்ப்பும் அவருடைய குழுவினரும். லூபஸ் (நோய் எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய்), ஸ்கிளீரோடெர்மா (தோல் தடித்து இறுகும் நோய்), பாலிமயோசைட்டிஸ் (தசை அழற்சி) மூன்றின் அறிகுறிகளும் ஒருவரிடமே கலந்து வருவதால் 'கலப்பு'. விரல்கள் வீங்கும், குளிர் பட்டால் வெளுக்கும். உடலின் சொந்தப் பொருளையே எதிர்க்கும் 'யு1 ஆர்என்பி எதிர்ப்பொருள்' ரத்தத்தில் அதிக அளவில் இருக்கும். நோயின் பெயரிலுள்ள 'திசு' என்பது ஆங்கில ஒலியை ஒட்டி வந்த சொல். இலங்கைப் பாடநூல்களில் அது 'இழையம்'. மூலமான பிரெஞ்சுச் சொல்லுக்கும் 'நெய்யப்பட்டது' என்றுதான் பொருள் என்பதால், எனக்கு இழையத்தின் மேல்தான் ஆசை. ஆனால் தமிழ்நாட்டில் திசு வேரூன்றிவிட்டது, சரி, இருக்கட்டும்.

இந்த நோய் சிறுநீரகத்தை அரிதாகத்தான் தொடும் என்று முதலில் நினைத்தார்கள். பிறகு பார்த்தால், ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஏதோ ஒரு வகையில் பாதிப்பு இருந்தது. பெரும்பாலும் சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிக்கும் நுண்ணிய வடிகட்டியின் சுவர் தடித்து, ரத்தத்தில் தங்கவேண்டிய புரதம் சிறுநீரில் கசியும். சிறுநீர் நுரைக்கும், கணுக்கால் வீங்கும். பலருக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. சிறுநீர்ப் பரிசோதனையில்தான் பிடிபடும். அபூர்வமாக, ஸ்கிளீரோடெர்மாவில் வருவதுபோல ரத்த அழுத்தம் திடீரென்று எகிறிச் சிறுநீரகம் நெருக்கடிக்குள்ளாகும். அது அவசர சிகிச்சைக்குரியது.

அப்புறம், பலர் கண்ணை மூடிக்கொண்டு எழுதும் 'சிறுநீரக அழற்சி'. அழல் என்றால் நெருப்பு. 'இன்ஃப்ளமேஷன்' என்பதிலும் இருப்பது தீச்சுடர்தான். நல்ல சொல், 'நெஃப்ரைட்டிஸ்' என்பதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். ஆனால் மேலே சொன்ன சுவர் தடிக்கும் வகையில் திசுவைச் சோதித்தால் அழற்சி அவ்வளவாகத் தெரியாது. அதனால் அதற்கு 'சவ்வுசார் சிறுநீரக நோய்' என்பதே பொருத்தம். 'சிறுநீரகச் செயலிழப்பு' என்று எழுதுவது இன்னும் மோசம். புரதம் கசிகிறவர் எல்லோருக்கும் சிறுநீரகம் செயலிழந்துவிடவில்லை. படிப்பவர் வீணாகப் பதறிப்போவார்.

பொதுவாகச் சொல்ல 'சிறுநீரகப் பாதிப்பு' போதும். திசுச் சோதனையில் வகை தெரிந்துவிட்டால், அந்த வகையின் பெயரையே எழுதிவிடலாம்.