எக்ஸ்போஷர் – ஒளிபடுகை

கேமராவைப் புதிதாகக் கையில் எடுத்தவர் முதலில் தடுக்கி நிற்கும் சொல் எக்ஸ்போஷர். கோபி, பொள்ளாச்சி, தாராபுரம் என்று எந்த ஊர் ஸ்டுடியோவில் போய் நின்றாலும் இது காதில் விழும். "எக்ஸ்போஷர் கம்மியா இருக்குதுங்க, கொஞ்சம் ஏத்திக்கலாம்" என்பார் ஒருவர். "மண்டபத்துக்கு வெளிய எடுத்ததெல்லாம் ஓவராயிருச்சுங்ணா" என்பார் இன்னொருவர். தொழில் தெரிந்தவர்களுக்குள் இந்தப் பேச்சு தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் கற்றுக்கொள்ள வந்த தம்பியிடமோ தங்கையிடமோ "எக்ஸ்போஷர்னா என்ன?" என்று கேட்டால், பெரும்பாலும் "வெளிச்சம்" என்றுதான் பதில் வரும். அது பாதிப் பதில். வெளிச்சம் வெளியே இருப்பது. அதில் எவ்வளவு கேமராவுக்குள் போய் விழுந்தது என்பதுதான் எக்ஸ்போஷர். அதனால்தான் உச்சி வெயிலில் நின்றுகொண்டு இருண்ட படம் எடுக்க முடிகிறது. நிலா வெளிச்சத்தில் பகல்போலத் தெரியும் படமும் எடுக்க முடிகிறது.

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. 'எக்ஸ்' என்றால் வெளியே, 'போனெரே' என்றால் வைத்தல். இரண்டும் சேர்ந்தால் வெளியே எடுத்து வைப்பது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போன இந்த வினையிலிருந்து பிறந்த எக்ஸ்போஷர் என்ற பெயர்ச்சொல், 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்த மொழியில் புழங்கியது. மறைப்பில்லாமல் வெயிலுக்கும் மழைக்கும் காற்றுக்கும் ஆளாகி நிற்பதை அது குறித்தது. ஒளிப்படக்கலை பிறக்க அதற்குப் பிறகும் 200 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1839-இல் பாரிசில் டகேர் என்பவரின் ஒளிப்பட முறை அறிவிக்கப்பட்டபோது படம் எடுக்கும் விதமே வேறு. வெள்ளி பூசிய செப்புத் தகட்டுக்கு அயோடின் ஆவி காட்டி, அதை ஒளியை உணரும்படி செய்தார்கள். அப்புறம் வெளிச்சமே படாமல் பொத்திக் கொண்டுவந்து கேமராவில் பொருத்துவார்கள். லென்ஸ் மூடியைக் கையால் கழற்றி, நிமிடக்கணக்கில் காத்திருந்து, மறுபடி கையாலேயே மூடுவார்கள். அதற்கும் முன்னால், 1820-களில் நியெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் எடுத்த படத்துக்கு மணிக்கணக்கில் வெளிச்சம் தேவைப்பட்டது. இருட்டில் காத்துவைத்த தகட்டை வெளிச்சத்தின்முன் வைப்பதால் 'வெளியே வைத்தல்' என்ற பழைய சொல் அந்தச் செயலுக்கு அப்படியே ஒட்டிக்கொண்டது. இன்றைக்குத் தகடு போய், ஒளியை உணரும் சென்சார் வந்துவிட்டது. சொல் மாறவில்லை.

இதற்கு ஓர் அளவும் உண்டு. ஒளியால் நடக்கும் வேதிமாற்றத்தின் அளவு, ஒளியின் செறிவையும் அது விழுந்த நேரத்தையும் பெருக்கினால் வருவதைப் பொறுத்தது என்று 1862-இல் புன்சன், ராஸ்கோ என்ற வேதியியலாளர்கள் காட்டினார்கள். 1890-இல் ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இருவர் இதை ஒளிப்படத் தகடுகளில் அளந்து வெளியிட்டார்கள். ஆக, எக்ஸ்போஷர் என்பது செறிவைக் காலத்தால் பெருக்கி வருவது. அலகு லக்ஸ்-நொடி (லக்ஸ் என்பது விழும் ஒளியின் செறிவை அளக்கும் அலகு). புதிதாகக் கற்பவர் இந்தப் பெருக்கலை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் இதிலிருந்தே கிளைக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

வெளிப்பாடு என்று எழுதுகிறார்கள். லத்தீன் வேரை வைத்துப் பார்த்தால் பொருத்தமாகத்தான் தெரியும். ஆனால் தமிழில் வெளிப்பாடு என்றால் உள்ளே இருப்பது வெளியே வருவது. உணர்ச்சி வெளிப்பாடு, கலை வெளிப்பாடு என்று நாம் சொல்வதெல்லாம் அந்தத் திசையில்தான். கேமராவில் நடப்பது நேர் எதிர். வெளியே இருக்கும் ஒளி உள்ளே வருகிறது. "வெளிப்பாட்டைக் கூட்டவும்" என்று படிக்கிற பிள்ளைக்குக் கண்முன் எந்தச் செயலும் தோன்றாது. பாடப்புத்தகத்துக்குப் போட்ட சொல்லாகவே அது நின்றுவிடுகிறது.

நான் சொல்ல விரும்பும் சொல் ஒளிபடுகை. படு என்ற வினை நம்மிடம் அவ்வளவு உயிரோடு இருக்கிறது. ஈரோட்டுப் பக்கம் வேகவைத்த மஞ்சளைக் களத்தில் பரப்பிவிட்டு "நல்லா வெயில் படோணும்" என்பார்கள். "காத்து படற எடத்துல வைங்க", "மழ பட்டுப் போச்சு", "கை படாம எடு" என்று ஒரு நாளைக்குப் பத்து முறையாவது இந்தச் சொல் நம் வாயில் வரும். ஒன்றின்மேல் இன்னொன்று வந்து விழுந்து, அதில் ஒரு மாற்றத்தை உண்டாக்குவதுதான் படுதல். சென்சாரில் நடப்பதும் அதுவே. ஒளி பட்டது, ஒளி படவிடு, ஒளிபடு நேரம் என்று வினையாகவும் பெயராகவும் இழுத்த பக்கமெல்லாம் வரும். இங்கே ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பழைய இலக்கியத்தில் "ஞாயிறு பட்டது" என்றால் சூரியன் மறைந்தது என்று பொருள். ஒரே வினை, விழுதல் என்ற அடிப்பொருளிலிருந்து இப்படி இரண்டு பக்கமும் போயிருக்கிறது.

இன்னொரு பயனும் உண்டு. திருப்பூர் பனியன் கம்பெனிக்காரர் "பையனுக்கு எக்ஸ்போஷர் பத்தாதுங்க, நாலு ஊர் போய்ட்டு வரட்டும்" என்கிறாரே, அந்த எக்ஸ்போஷருக்கும் தமிழில் படு வினையிலிருந்தே சொல் இருக்கிறது: பட்டறிவு. ஆங்கிலத்தில் ஒரே சொல் சுமக்கும் இரண்டு பொருளையும் தமிழில் ஒரே வேர் தாங்குவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

இந்த ஒளிபடுகையை எப்படிக் கட்டுப்படுத்துவது என்பதற்கு வாய்க்கால் பாசனம் பார்த்த யாருக்கும் தனிப்பாடம் வேண்டியதில்லை. கீழ்பவானி வாய்க்காலில் மதகை எவ்வளவு உயரம் தூக்குகிறோம், எவ்வளவு நேரம் தூக்கி வைத்திருக்கிறோம் என்ற இரண்டும் சேர்ந்துதானே காட்டுக்குப் பாய்ந்த தண்ணீரின் அளவைத் தீர்மானிக்கிறது? பாதி தூக்கி இரண்டு பங்கு நேரம் விட்டாலும் ஏறக்குறைய அதே தண்ணீர்தான். கேமராவில் தூக்கும் உயரம் அப்பர்ச்சர், அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளை. விடும் நேரம் ஷட்டர், அதாவது அந்த ஒளிக்குத் திறந்து மூடும் கதவு.

ஷட்டர் என்ற சொல்லை நம்மவர்கள் கடைக்கதவுக்கும் அணைக்கதவுக்கும் ஏற்கெனவே எடுத்துக்கொண்டார்கள், அதைப் பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் 'ஷட்டர் ஸ்பீடு' என்ற தொடர் கற்பவரைக் குழப்புகிறது. 1/250 என்பது வேகமே அல்ல. ஷட்டர் திறந்திருக்கும் நேரம், ஒரு நொடியில் 250-இல் ஒரு பங்கு. ஒளிபடு நேரம் என்று சொன்னால் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். இரவில் விளக்கு வெளிச்சத்தில் வள்ளிக்கும்மி ஆட்டத்தை எடுக்கப் போனால், ஆடுபவர்களின் கையும் காலும் கலங்காமல் நிற்கக் குறைந்தது 1/250 நொடியாவது வேண்டும். உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலையை 1/1000 நொடியில் எடுத்தால் இறக்கை அசையாமல் நின்றுபோனது மாதிரி இருக்கும். பொழுது சாய்ந்தபின் முக்காலியில் வைத்துக் கால் நொடி விட்டுப் பாருங்கள், சுழற்சி தெரியும். கையில் பிடித்து எடுப்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்றால் 1/50 நொடிக்கு மேல் நேரத்தை நீட்டக் கூடாது.

அப்பர்ச்சரும் லத்தீன்தான், 'அபெரீரே' என்றால் திறத்தல். தமிழில் ஒளித்துளை போதும், பேச்சில் துளை என்றாலே புரியும். கற்பவரை ஆட்டிவைப்பது அதன் எண். எஃப்/2 பெரிய துளை, எஃப்/16 சின்னத் துளை, எண் கூடினால் துளை ஏன் சுருங்குகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். அது பின்னம் என்பதுதான் காரணம். எஃப் என்பது லென்ஸின் குவியத் தூரம், 50 மில்லிமீட்டர் லென்ஸ் என்று சொல்கிறோமே, அந்த எண். 50 மில்லிமீட்டர் லென்ஸில் எஃப்/2 என்றால் 50-ஐ 2-ஆல் வகுக்க வேண்டும், 25 மில்லிமீட்டர் துளை. எஃப்/8 என்றால் 6.25 மில்லிமீட்டர்.

நம் பெரியவர்கள் பழைய பின்னக் கணக்கில் படித்த பெயர்களை இங்கே கொண்டுவந்து வைத்துப் பார்க்க வேண்டும். எஃப்/2 அரை. எஃப்/4 கால். எஃப்/8 அரைக்கால். எஃப்/16 வீசம். குவியத் தூரத்தில் அரைப்பங்கு, கால்பங்கு, அரைக்கால் பங்கு, வீசம் பங்கு. வீசம் அரைக்காலைவிடச் சிறியது என்று எந்தப் பாட்டியும் யோசிக்காமல் சொல்லிவிடுவார். குழப்பத்துக்கு இடமே இல்லை. நேரக் கணக்கும் இப்படித்தான் இறங்குகிறது: அரை நொடி, கால் நொடி, அரைக்கால் நொடி, அப்புறம் ஏறக்குறைய வீசம் நொடி (கேமராவில் 1/15 என்று போட்டிருக்கும்). பாதி பாதியாகக் குறையும் கணக்குக்குப் பெயர் வைத்திருந்த மொழி இது. ஒளிப்படப் பாடத்தில் இதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய இழப்பு என்றே நினைக்கிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். அரையிலிருந்து காலுக்குப் போனால் துளையின் அகலம்தான் பாதி, பரப்பு நாலில் ஒன்று. அதனால் ஒளியும் நாலில் ஒன்றாகிவிடும். ஒளியை மட்டும் பாதியாக்க வேண்டுமானால் இடையில் எஃப்/2.8 வரும். 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையில் ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி ஒளி. இதை ஸ்டாப் என்பார்கள். லென்ஸுக்குள் நடுவில் துளையிட்ட தகட்டைச் செருகி ஒளியைத் தடுத்த காலத்துச் சொல் அது. தமிழில் படி என்றால் சரியாக இருக்கும். "ஒரு படி ஏத்து, ரெண்டு படி எறக்கு."

துளைக்கும் நேரத்துக்கும் அடுத்துக் கேமராவில் மூன்றாவதாக வருவது ஐ.எஸ்.ஓ., அதன் கதை சுருக்கமானது. 1947-இல் தொடங்கிய உலகத் தர நிர்ணய அமைப்பின் பெயர் அது. சமம் என்று பொருள்படும் 'ஐசோஸ்' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்ததாக அந்த அமைப்பே சொல்கிறது. ஃபிலிம் காலத்தில், ஃபிலிம் ஒளியை எவ்வளவு உணரும் என்பதைக் குறிக்க அமெரிக்க ஏ.எஸ்.ஏ., ஜெர்மன் டின் என்று இரண்டு அளவுகள் இருந்தன, 1974-இல் அவை ஐ.எஸ்.ஓ.வில் சேர்ந்தன. பொருளை வைத்துச் சொன்னால் ஒளியுணர்திறன். இது ஒளிபடுகையைக் கூட்டுவதில்லை. விழுந்த ஒளி விழுந்ததுதான், அதிலிருந்து வரும் படத்தை எவ்வளவு பிரகாசமாகக் காட்டுவது என்பதைத்தான் டிஜிட்டல் கேமராவில் ஐ.எஸ்.ஓ. தீர்மானிக்கிறது. ஒளி போதாமல் இதை மட்டும் ஏற்றிக்கொண்டே போனால் படம் குருணை குருணையாகத் தெரியும்.

மூன்றையும் சேர்த்துப் பழக எளிய வழி ஒன்று உண்டு. மேகமில்லாத நாளில், பகல் வெயில் நேராக விழும் வெட்டவெளியில், துளையை வீசத்தில் வைத்து, ஒளிபடு நேரத்தை ஐ.எஸ்.ஓ. எண்ணின் பின்னமாக வையுங்கள். ஐ.எஸ்.ஓ. 100 என்றால் ஏறக்குறைய 1/125 நொடி. காங்கேயத்துச் சித்திரை வெயிலுக்கு இது சரியாக வரும். அங்கிருந்து துளையை அரைக்காலுக்குத் திறந்தால் இரண்டு படி ஒளி கூடுகிறது. நேரத்தை 1/500 ஆக்கினால் அதே ஒளிபடுகை.

கேமராவே கணக்குப் போடட்டும் என்று தானியங்கியில் விட்டாலும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எதைக் காட்டினாலும் அதன் சராசரி நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கேமராவின் ஒளிமானி கணக்குப் போடுகிறது. கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் வெள்ளை வேட்டிக்காரர் பக்கத்தில் நிற்கும் வெளுத்த மயிலைப் பசுவைச் சட்டம் நிறையும்படி எடுங்கள். வேட்டியும் பசுவும் அழுக்கேறியதுபோல மங்கலாக வரும். காரி மாட்டை அப்படி எடுத்தால் கருமை போய்ச் சாம்பல் பூத்துவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் என்று கேமராவில் கூட்டல் கழித்தல் குறியோடு இருப்பது இதற்காகத்தான். தமிழில் ஒளிபடு ஈடு என்று சொல்லலாம். மயிலைக்கு ஒன்று அல்லது ஒன்றரைப் படி கூட்டி ஈடுசெய்ய வேண்டும், காரிக்கு ஒரு படி குறைக்க வேண்டும். கூட்டியது அளவு மீறினால் மிகையொளி, போதாமல் போனால் குறையொளி. இரண்டில் எது நேர்ந்தாலும் கேமராவை அணைக்காமல் அங்கேயே நின்று இன்னொரு படம் எடுங்கள். வெளுத்துப்போன வேட்டியின் மடிப்பைப் பிறகு கம்ப்யூட்டரில் மீட்பது கடினம்.