பழைய வீட்டு ஜன்னலைக் கழற்றும் முன்

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்கில் ஒரு செங்கல் வீடு. நூறு வயதைத் தாண்டியது. முன்னால் வராந்தா, மேலே தகரக் கூரை, சுற்றிலும் பதினொரு மர ஜன்னல்கள். நான் வண்டியை விட்டு இறங்கியதும் வீட்டுக்கார அண்ணன் சொன்னார்: "தம்பி, பதினொண்ணையும் தூக்கிடலாம். அலுமினியத்துக்கு விலை வாங்கிட்டேன். எந்த டிசைன் எடுக்கலாம்னு மட்டும் நீ சொல்லு."

நான் பையிலிருந்து திருப்புளியை எடுத்தேன். ஒவ்வொரு ஜன்னலாகப் போய், கதவின் அடிச்சட்டத்திலும் நிலையின் கீழ்க்கட்டையிலும் அழுத்திப் பார்த்தேன். மரம் நன்றாக இருந்தால் முனை இறங்காது. உளுத்திருந்தால் பழஞ்சோற்றில் விரல் போவது போலப் போய்விடும். ஒரு மணி நேரத்தில் கணக்கு தெரிந்துவிட்டது: மூன்று அடிச்சட்டங்கள், இரண்டு கீழ்க்கட்டைகள். மீதி எல்லாம் ஆரிகன் பைன், இன்னும் கல் மாதிரி. மெதுவாக வளர்ந்த பழைய மரம் அது. இன்று கடையில் கிடைக்கும் பைனோடு அதை ஒப்பிடவே முடியாது.

டர்பனிலும் மாரிட்ஸ்பர்கிலும் தச்சு வேலையில் இத்தனை வருடம் கழித்தும் என்னை உறுத்துகிற விஷயம் இதுதான். ஜன்னல் இறுகிவிட்டது, ஆடுகிறது, காற்று வருகிறது என்றதும் நம் ஆட்கள் நேராகக் கடைக்குப் போய்விடுகிறார்கள். வீட்டில் இருக்கும் ஜன்னலை ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. அதைப் பார்க்காமல் புதிய ஜன்னலைத் தேர்ந்தெடுக்கவும் முடியாது.

உளுப்பு எங்கிருந்து தொடங்குகிறது? பெரும்பாலும் கண்ணாடியைப் பிடித்திருக்கும் பட்டி வெடித்த இடத்திலிருந்துதான். மழைத் தண்ணீர் அந்த வெடிப்பில் இறங்கி அடிச்சட்டத்தில் தங்குகிறது. இன்னொன்று, கீழ்க்கட்டையின் அடிப்பக்கம் ஒரு சிறு காடி, அதாவது பள்ளக் கோடு, ஓடும். விரலை விட்டுத் தடவினால் தெரியும். வழிந்து வரும் தண்ணீர் சுவருக்குள் போகாமல் அங்கேயே சொட்டி விழுவதற்காக அந்தக் காலத்துத் தச்சர் போட்டது. அடுக்கடுக்காகப் பெயிண்ட் அடித்து அதை மூடிவிடுகிறோம். அப்புறம் சுவர் ஈரம் காட்டுகிறது, பழி ஜன்னல் மீது விழுகிறது. அந்த வீட்டில் உளுத்த பகுதியை மட்டும் சாய்வாக அறுத்து எடுத்து, அதே அளவில் புது மரத்தைப் பொருத்தி ஒட்டினோம். காடியைச் சுரண்டித் திறந்தோம். புதுப் பட்டி, கதவைத் தாங்கப் புதுக் கயிறு. பதினொரு ஜன்னலும் அங்கேயே இருக்கின்றன.

எல்லா ஜன்னலையும் இப்படிக் காப்பாற்ற முடியாது, அதையும் சொல்ல வேண்டும். கரையான் நிலைக்குள்ளேயே ஏறிவிட்ட வீடுகள் உண்டு. கடலோரத்தில் பைன் மரத்தைக் குடையும் வண்டு ஒன்று இருக்கிறது, இங்கே அதை இத்தாலியன் பீட்டில் என்பார்கள். வீடு விற்கும்போது, வண்டு இல்லை என்று பீட்டில் சர்ட்டிபிகேட் கேட்பது இதனால்தான். அது புகுந்த நிலையை ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. சில வீடுகளில் நாற்பது வருடத்துக்கு முன்பே யாரோ பழையதைக் கழற்றிப் பொருந்தாத ஒன்றை மாட்டியிருப்பார்கள். அங்கேயும் மாற்றத்தான் வேண்டும்.

மாற்றுவது என்று முடிவானால், முதலில் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று வீட்டைப் பாருங்கள். பழைய ஜன்னலுக்கு அழகு கொடுப்பது மெல்லிய சட்டம். கண்ணாடிகளைப் பிரிக்கும் குறுக்குச் சட்டம் முக்கால் அங்குலம், மிஞ்சினால் ஒரு அங்குலம் இருக்கும். பிளாஸ்டிக் ஜன்னலில் அந்த இடத்தில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு தடிமன் வந்துவிடுகிறது. கண்ணாடி சுருங்கி, வீட்டின் முகமே மாறிவிடும். அதைவிட மோசம், ஒரே பெரிய கண்ணாடி போட்டு அதன் மேல் சட்டம் மாதிரிப் பட்டையை ஒட்டுவது. வெயில் சாயும்போது பார்த்தால் நிழலே விழாது, ஒட்டு என்று தெரிந்துவிடும். அதனால் கடைக்காரரிடம் படம் கேட்காதீர்கள். சட்டத்தைக் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று அளவோடு வரைந்த தாளைக் கேளுங்கள். பழைய சட்டத்தின் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள்.

ஜன்னல் சுவருக்குள் எவ்வளவு உள்வாங்கி இருக்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய செங்கல் வீடுகளில் அது பெரும்பாலும் அரைச் செங்கல் அளவாவது உள்ளே இருக்கும். அந்த நிழல் அழகுக்கு மட்டும் இல்லை, மழைச் சாரலையும் அது தடுக்கிறது. சுவரின் வெளி விளிம்போடு சமமாகப் புது ஜன்னலைக் கொண்டுவந்து மாட்டினால் இரண்டும் போய்விடும். அளவெடுக்கும்போது அகலத்தை மூன்று இடத்தில், உயரத்தை மூன்று இடத்தில், மூலைக்கு மூலை இரண்டு முறை எடுங்கள். நூறு வருடத்துச் சுவரில் மூலைகள் சரியான செங்கோணத்தில் இருக்காது. அகலம், உயரம் இரண்டிலும் மிகக் குறைந்த அளவுதான் ஆர்டருக்கு.

எப்படித் திறக்கிறது என்பது அடுத்தது. மேலும் கீழும் நகரும் பழைய ஜன்னலில் மேல்கதவை ஒரு சாண் இறக்கி, கீழ்க்கதவை ஒரு சாண் ஏற்றி வைத்தால், சூடான காற்று மேல்வழியாகப் போகும், குளிர்ந்த காற்று கீழ்வழியாக வரும். ஜனவரி மாத டர்பன் புழுக்கத்தில் இதன் அருமை தெரியும். அங்கே பக்கவாட்டில் தள்ளும் அலுமினிய ஜன்னலைப் போட்டுவிட்டு, பிறகு ஏசி வாங்கிய வீடுகளை நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். கட்டட விதிப்படியே ஓர் அறையின் தரைப்பரப்பில் 5 சதவீதம் அளவுக்காவது திறக்கிற இடம் வேண்டும், வெளிச்சத்துக்கு 10 சதவீதம்.

மேலும் கீழும் நகரும் அந்த வகை ஜன்னலில் என் கையால் நடந்த ஒரு தவறைச் சொல்லியே ஆக வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வீட்டில் 3 மில்லிமீட்டர் பழைய கண்ணாடியை எடுத்துவிட்டு 6.38 மில்லிமீட்டர் லேமினேட்டட் கண்ணாடி, அதாவது நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது, போட்டுக் கொடுத்தேன். பாதுகாப்புக்கு நல்லது என்றுதான் செய்தேன். இரண்டாம் நாள் அந்த வீட்டு ஆயா கூப்பிட்டார். ஏற்றி வைத்த கீழ்க்கதவு தானாகத் தடாலென்று இறங்கியிருக்கிறது. பேரப்பிள்ளை அப்போதுதான் கையை எடுத்திருக்கிறான். நிலையின் இரண்டு பக்கமும் மரப்பெட்டிக்குள் இரும்புக் குண்டுகள் கயிற்றில் தொங்கும், கப்பி வழியாகக் கதவைத் தூக்கிப் பிடிப்பவை அவைதான். கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு, இரண்டரைக் கிலோ எடை. அந்தக் கதவில் ஐந்தரைக் கிலோவாக இருந்த கண்ணாடி பதினோரு கிலோ ஆகிவிட்டது. குண்டு மட்டும் பழைய எடை. அன்று முதல் கதவைக் கழற்றித் தராசில் வைக்காமல் நான் கண்ணாடி மாற்றுவதில்லை. பெட்டிக்குள் பெரிய குண்டுக்கு இடமில்லை என்றால் ஈயக் குண்டு போடலாம், அதே எடைக்கு ஈயம் சிறியதாக இருக்கும். உங்கள் வேலைக்காரர் கண்ணாடியைப் பற்றிப் பேசிவிட்டுக் குண்டைப் பற்றிப் பேசவில்லை என்றால், நீங்களே கேளுங்கள்.

பொருளைப் பற்றிச் சுருக்கமாக: மர ஜன்னல் இருந்த வீட்டுக்கு மரம்தான் என் முதல் யோசனை. இங்கே கிடைப்பது பெரும்பாலும் மெரான்டி என்ற மரம். தவறாமல் எண்ணெயோ பெயிண்டோ பார்த்துக்கொண்டால் நன்றாக உழைக்கும். கடலைப் பார்த்த வீட்டில் அலுமினியம் போடுவதானால் கடலோரத்துக்கு ஏற்ற பூச்சு கேளுங்கள், உப்பை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவுங்கள். இரட்டைக் கண்ணாடி டர்பன் குளிருக்கு அவசியமில்லை. மேற்கு வெயிலுக்கு வராந்தா நிழல் செய்வதை எந்தக் கண்ணாடியும் செய்யாது.

இப்போது அரசுச் சட்டம். 60 வருடத்துக்கு மேற்பட்ட கட்டடத்தில் மாற்றம் செய்ய அனுமதி வேண்டும் என்று 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டம், 34ஆம் பிரிவில் சொல்கிறது. மாற்றம் என்றால் இடிப்பது மட்டுமில்லை; தோற்றத்தைப் பாதிக்கிற வேலை எதுவும், பெயிண்ட் உட்பட, அந்தச் சொல்லுக்குள் வரும். நம் மாகாணமான க்வாசூலு-நட்டாலில், மரபுவளங்களைப் பார்த்துக்கொள்ளும் அமாஃபா என்ற அமைப்பிடம் விண்ணப்பிக்க வேண்டும். விலை வாங்கும் முன்பே அவர்களைக் கேட்டுவிடுங்கள்.

"நம்ம வீடெல்லாம் அந்தக் கணக்கில் வருமா?" என்று டர்பன் பக்கத்து சாட்ஸ்வர்த்திலிருந்து ஓர் அக்கா கேட்டார். வரும். டர்பனின் கேட்டோ மேனரிலிருந்தும் மேகசின் பாரக்ஸிலிருந்தும் இனவெறி ஆட்சியில் கிளப்பப்பட்ட நம் குடும்பங்களுக்கு 1960களில் சாட்ஸ்வர்த்தில் கட்டிய வீடுகள் ஒவ்வொன்றாக 60 வயதைத் தாண்டி வருகின்றன. சின்னச் சின்னக் கண்ணாடி போட்ட அந்த இரும்பு ஜன்னல்களும் ஒரு காலத்தின் ஜன்னல்கள்தான். டர்பனின் வசதியான பெரீயா பகுதியில் இருக்கும் பங்களாவுக்குக் கொடுக்கும் மரியாதையை அவற்றுக்கும் கொடுங்கள் என்று நான் கேட்பேன். துரு பிடித்தால் அது இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அந்த நெருக்கலில்தான் கண்ணாடி விரிசல் விடுகிறது. கண்ணாடியைக் கழற்றி, துருவைச் சுரண்டி, துத்தநாக பிரைமர் அடித்து, மறுபடி பட்டி வைத்தால் பல ஜன்னல்கள் மூடித் திறக்கும்.

பர்கலர் கார்டு, அதாவது திருடரைத் தடுக்கும் கம்பி, இல்லாமல் இங்கே யாரும் தூங்க முடியாது. அதன் கம்பிகளைக் கண்ணாடிச் சட்டங்களுக்கு நேர் பின்னால் வரும்படி உள்பக்கம் பொருத்தச் சொல்லுங்கள். வெளியிலிருந்து கார்டு இருப்பதே தெரியாது. தூங்கும் அறையில் ஒன்றாவது உள்ளிருந்து திறக்கிற மாதிரி இருக்கட்டும், தீ பிடித்தால் வெளியே வர வழி வேண்டுமே.

பழைய பெயிண்டை மெஷின் போட்டுத் தேய்க்காதீர்கள், நெருப்பு வைத்து உரிக்காதீர்கள். இந்த நாட்டில் பெயிண்டில் ஈயத்துக்கு 600 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 600 பங்கு, என்று வரம்பு வந்ததே 2009இல்தான். அதற்கு முன் அடித்த அடுக்குகளில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளித்துக் கையால் தேய்த்து, கீழே பிளாஸ்டிக் விரித்து, அதைச் சுருட்டி எடுத்துவிடுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் வேலை முடிந்து துடைக்கும் வரை அந்த அறைப் பக்கம் வர வேண்டாம்.

சரி, எல்லாம் பார்த்தாகிவிட்டது, மாற்றுவது உறுதி என்றால், ஒரே ஒரு ஜன்னலை மட்டும் முதலில் மாற்றுங்கள். மழை அதிகம் அடிக்கிற பக்கத்தில் இருப்பதாகப் பார்த்து எடுங்கள். அக்டோபரில் மாட்டினால் மார்ச்சுக்குள் அது தண்ணீர் விடுகிறதா, வீங்குகிறதா, அறை புழுங்குகிறதா என்று தெரிந்துவிடும். கழற்றிய பழைய ஜன்னலைக் கண்ணாடியோடு கராஜில் சாய்த்து வையுங்கள், பின்பக்கம் எந்த அறையுடையது என்று சாக்பீஸால் எழுதி.